உங்களுக்குத் தெரியுமா? கோலாலம்பூரிலும் வசந்தம் வருகிறது!

கோலாலம்பூரில் ஏது வசந்தம் என்று கேட்கிறீர்களா? பிப்ரவரி வெயில் சுட்டெரித்து முடித்ததும் நகரச் சாலைகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்! இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு உச்சி முதல் அடிக்கிளை வரை இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கிறதே தெகோமா மரம், அதுதான் நம் ஊர் வசந்தம்!

‘மலேசியாவின் சக்குரா’ என்று படமெடுத்துத் தள்ளுகிறார்கள். அந்த மரத்துக்கும் ஜப்பானுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சல்வடோர் நாட்டின் தேசிய மரம் அது!

கோலாலம்பூரின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஆண்டு முழுவதும் பார்த்தாலும் சுமார் 22 நிமிடம்தான்! லண்டனில் அதே வித்தியாசம் கிட்டத்தட்ட 9 மணி நேரம்!

அதனால் இங்கே செடிகளுக்குக் காலம் சொல்வது மழைதான். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும். மார்ச் கடைசியில் மாலை இடியோடு திரும்பி வரும். பங்குனி போய்ச் சித்திரை பிறக்கும் இந்த இடைவெளியில் மண்ணைக் கொத்தினால் ஆண்டு முழுக்கப் பலன்! இதைவிட நல்ல நேரம் காலண்டரில் இல்லை!

காகிதப்பூச் செடி பூக்கவில்லையா? தண்ணீரை நிறுத்துங்கள்! ஆம், நிறுத்துங்கள்! மண் காய்ந்து இலை லேசாய்த் துவளும்போதுதான் அது பூவுக்குத் தயாராகிறது. அன்பாக நாள்தோறும் ஊற்றினால் வெறும் இலைதான் மிஞ்சும்!

இன்னொன்று. காகிதப்பூவில் நீங்கள் பார்க்கும் சிவப்பும் ஊதாவும் பூவே இல்லை! நிறம் மாறிய இலைகள்! நடுவில் குச்சி குச்சியாய்த் தெரியும் சின்ன வெள்ளைக் குழல்தான் உண்மையான பூ!

சாலையோரத் தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் புறா ஆர்க்கிட் என்ற காட்டுச்செடி ஒட்டி வாழ்கிறது. பெருமழை பெய்து வெப்பம் சட்டென்று சுமார் 5 டிகிரி இறங்கினால், அந்தச் செடி நாள் எண்ண ஆரம்பிக்கிறது. சரியாக 9-வது நாள் காலை, அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் வெள்ளையாய்ப் பூக்கும்! வாசனை தெருவைத் தூக்கும்! மாலைக்குள் முடிந்துவிடும்! அடுத்த முறை பெரிய இடி மழை பெய்தால் அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள்; 9 நாள் கழித்து அண்ணாந்து பாருங்கள்!

அங்சானா மரத்தைத் தெரியும்தானே? தமிழ்நாட்டு வேங்கை மரத்தின் நெருங்கிய சொந்தம் அது. பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டு மரமாகிவிடும்! பூவுக்கு ஆயுள் ஒரே நாள்தான். மறுநாள் காலை நிறுத்தி வைத்த கார்களெல்லாம் மஞ்சள் குளித்திருக்கும்!

இப்போது மண்ணுக்கு வருவோம்.

பிரிக்பீல்ட்ஸில் தொட்டியில் செடி வளர்க்கிறீர்களா? உங்கள் காலடியில் இருக்கும் களிமண் ஒரு நகரத்தையே கட்டிய மண்! 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீயில் வெந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வெள்ளம் வந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. இனிமேல் மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று ஆணையிட்டார் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹம். செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்! இன்று மல்லிகைச் சரம் தொங்கும் தெருக்களில் அன்று சூளைப் புகை!

செங்கல்லுக்கு ஏற்ற மண், செடிக்குக் கல் மாதிரி! தேங்காய் நார்த்தூள், மக்கிய இலை, கொஞ்சம் மணல் என்று மூன்றையும் கலந்துவிடுங்கள். வேர் மூச்சுவிடும்!

கிள்ளான் பள்ளத்தாக்கின் மேட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண். அமிலக் காரத்தன்மை அளவு 4-க்கும் 5-க்கும் நடுவில்! காய்கறிக்கு 6-க்கு மேல் வேண்டும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தோட்டச் சுண்ணாம்பு தூவிக் கிளறிவிடுங்கள். அதே உரம், அதே விதை, ஆனால் இவ்வளவு விளைச்சலா என்று நீங்களே அசந்துபோவீர்கள்!

கோலாலம்பூரில் ஓராண்டு மழை சுமார் 2,400 மில்லிமீட்டர்! சென்னையில் சுமார் 1,400! இவ்வளவு மழை பெய்யும் ஊரில் உரத்தை மொத்தமாகக் கொட்டினால் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும். கைப்பிடி குறைத்து, தடவை கூட்டிப் போடுங்கள். தோட்டத்துரைமார் காலத்திலிருந்தே நம் பாட்டன்மார் ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் தவணை முறையில் உரம் போட்டவர்கள்தானே!

லாலாங் புல் முளைத்திருக்கிறதா? வெட்டாதீர்கள், கொளுத்தாதீர்கள்! தீ வைத்தால் மற்றச் செடிதான் சாகும். லாலாங் மண்ணுக்கடியில் இருக்கும் தண்டிலிருந்து முதல் ஆளாய் எழுந்து நிற்கும்! அதற்குப் பகை நிழல் ஒன்றுதான். தடித்த அட்டைப்பெட்டியை விரித்து மேலே இலைதழை போட்டு மூடுங்கள். வெளிச்சம் போனால் லாலாங் போச்சு!

வாரிய சருகைக் கொல்லையில் கொளுத்துவது மலேசியாவில் சட்டப்படி குற்றம்! திறந்தவெளி எரிப்புக்கு அபராதம் லட்சக்கணக்கான வெள்ளி வரை போகும்! அதே சருகு மக்கினால் உரம். செலவு பூஜ்யம்!

100 சதுர மீட்டர் கூரை உள்ள தாமான் வீடா உங்களுடையது? ஒரே மாலை மழையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் கூரையிலிருந்து கீழே கொட்டுவது 2,500 லிட்டர்! நூறு லிட்டர் தொட்டி வைத்தால் 25 தொட்டி நிறையும்!

ஆனால் தொட்டிக்கு வலைமூடி கட்டாயம்! டெங்கிக் கொசு முட்டையிட ஒரு பாட்டில் மூடித் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்! அதைவிடப் பயங்கரம், அந்த முட்டை காய்ந்து கிடந்தாலும் பல மாதம் சாகாது! பிப்ரவரியில் காய்ந்த பூந்தொட்டித் தட்டு, ஏப்ரல் மழையில் நனைந்ததும் குஞ்சு பொரிக்கும்! மழைக்கு முன்பே தட்டுகளைக் கழுவி நன்றாகத் தேய்த்துவிடுங்கள். சும்மா கவிழ்த்தால் போதாது, விளிம்பில் ஒட்டியிருக்கும் முட்டையைத் தேய்த்து எடுக்க வேண்டும்! வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கிடந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும்!

கொசுவை விரட்ட நிலத்தைத் திருத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று எது தெரியுமா? நம் கிள்ளான்! ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தது 1897-ல். நான்கே ஆண்டில், 1901-ல், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். மருந்தை மட்டும் நம்பவில்லை. சதுப்பை வெட்டி வடித்தார், கால்வாய் தோண்டினார், புதரை அழித்தார்! அதே 1901 செப்டம்பரில் திறந்த கிள்ளான் துறைமுகத்தில் கூலிகளும் மாலுமிகளும் காய்ச்சலில் சுருண்டு விழ, துறைமுகத்தையே மூட வேண்டி வந்தது! அங்கேயும் வடிகால் வெட்டினார்கள். காய்ச்சல் ஓடியது! பிற்பாடு ‘சர்’ பட்டம் பெற்ற அந்த மருத்துவர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் போய் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைக் காப்பாற்றினார். இந்த வாரம் உங்கள் வீட்டு அடைத்த சாக்கடையைத் தூர் வாரினால், கிள்ளான் மண்ணில் 120 ஆண்டுக்கு மேல் ஓடும் ஒரு வேலையைத்தான் தொடர்கிறீர்கள்!

கிள்ளான் என்றதும் காகம் நினைவுக்கு வருகிறதா? அந்தக் காகம் இந்த ஊர்க் காகமே இல்லை! 1890-களில் இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். எதற்கு? கிள்ளான் காப்பித் தோட்டங்களில் இலையைத் தின்ற கம்பளிப்புழுவைப் பிடிக்க! காப்பி போய்விட்டது! புழுவும் போய்விட்டது! காகம் மட்டும் போகவில்லை!

குயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது. காகக் கூடுதான் அதன் பிரசவ அறை. காகம் பெருகியதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் குயிலுக்கும் கொண்டாட்டம்! விடியற்காலை உங்கள் தாமானில் கேட்கும் குயிலோசைக்குப் பின்னால் ஒரு காப்பித் தோட்டக் கம்பளிப்புழு இருக்கிறது!

உங்கள் வீட்டு வாசல் பாதி அமெரிக்கா! நம்பவில்லையா? மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி, மரவள்ளி, காகிதப்பூ, தூங்குமூஞ்சி மரம் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை! நீங்கள் மிதித்து நடக்கும் அந்த அகல இலைப் புல், ‘கவ் கிராஸ்’, அதுவும்தான்!

கல்லறைகளில் நிற்கும் பெருங்கள்ளிப் பூவும் அங்கிருந்து வந்ததுதான். இரவில் அப்படி மணக்கிறதே, உள்ளே ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது! வாசனையை நம்பி வந்த அந்திப்பூச்சி பூப் பூவாய்த் தேடி ஏமாந்து, போகிற போக்கில் மகரந்தம் சுமந்து கொடுத்துவிட்டுப் போகிறது!

செம்பருத்தி தேசிய மலரானது 1960-ல். ஆனால் போட்டியில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ, கெனாங்கா! அத்தனை மணமுள்ள பூக்களையும் மணமே இல்லாத செம்பருத்தி தோற்கடித்தது! அதன் பூ வாழ்வது ஒரே நாள்!

1877-ல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. அதில் 9 கன்றுகளைக் கோல கங்சாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டார் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ. ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது! நம் கொள்ளுத் தாத்தாக்களைக் கடல் தாண்ட வைத்த ரப்பர், ஒரு வீட்டுக் கொல்லையில் தொடங்கியது!

செம்பனை இங்கே வந்தது எண்ணெய்க்காக இல்லை! அழகுச் செடியாக! 1870-களில் வந்து தோட்டங்களில் நிழலும் அழகும் தந்துகொண்டு நின்றது. 1917-ல்தான் கோல சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் முதல் வணிக நடவு. நட்டவர் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். அவரே நாவலும் எழுதி 1930-ல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசை வென்றார்!

1981 வரை செம்பனைப் பூவுக்குப் பெரும்பாலும் மனிதக் கைதான் மகரந்தம் தூவியது! பூவுக்குப் பூ போய்த் தூவியவர்களில் நம் தோட்டப் பெண்கள் எத்தனை பேர்! அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதோடு அந்த வேலை முடிந்தது!

சமையலறைச் செடிகளுக்கு வருகிறேன். இவைதான் எனக்குப் பிரியமானவை!

அடுத்த பொங்கலுக்குப் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வேண்டுமா? சித்திரையிலேயே கிழங்கை நட்டுவிடுங்கள்! மஞ்சள் விளைய 8, 9 மாதம். ஏப்ரலில் நட்டால் தை பிறக்கும்போது கிழங்கும் இலையுமாய் உங்கள் வாசலிலேயே தயார்! நடுவில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ரெண்டாங் சமைக்க இலை கேட்பார், கொடுங்கள்!

கறிவேப்பிலை விதையை வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்களா? வீண்! பழத்திலிருந்து எடுத்த சில வாரத்தில் அது உயிரிழந்துவிடும். பெரிய மரத்தடியில் முளைக்கும் பக்கக் கன்றைத் தோண்டி நடுவதே சுருக்கு வழி!

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறதா? தொட்டுப் பாருங்கள், நகரும்! கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் குட்டிப்புழு அது! வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும்! மருந்தடிக்காதீர்கள். நாலு கொத்து இலை போனால் போகட்டும், வீட்டுக்கு வண்ணத்துப்பூச்சி வரும்!

முருங்கை, இமயமலை அடிவாரத்துப் பிள்ளை! கிளையை வெட்டி நட்டால் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் தாண்டும்! ஆனால் காலில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மண்ணை மேடாக்கி, அந்த மேட்டில் நடுங்கள்!

கோலாலம்பூர் மாமரத்தில் தோரணத்துக்கு இலை ஏராளம், பழம்தான் அரிது! ஏன்? மாமரம் பூக்க நீண்ட வறட்சி வேண்டும், இங்கே மழை விடுவதில்லை. வறண்ட காலம் நன்றாக நீளும் வடகோடி பெர்லிஸில்தான் ஹாருமானிஸ் மாம்பழம் ராஜா!

மரவள்ளிக் குச்சியை நட மறக்காதீர்கள். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது மலாயாவின் வயிற்றைக் காத்தது அதுதான்! பூந்தோட்டமெல்லாம் மரவள்ளிக் கொல்லையானது!

இலையெல்லாம் ஓட்டையா? ஆப்பிரிக்கப் பெருநத்தை! ஆணும் அதுவே, பெண்ணும் அதுவே! ஒரே நத்தை ஆண்டுக்கு 1,200 முட்டை வரை இடும்! வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், மூளையைத் தாக்கும் புழு அதன் உடம்பில் இருக்கலாம்!

டுரியான் பூ மாலையில் விரியும், விடிவதற்குள் உதிரும். இரவுக்குள் மகரந்தம் சேர்ப்பது யார்? வௌவால்! எங்கிருந்து வருகிறது? பத்துமலைக் குகையிலிருந்து! முருகன் கோயில் கொண்ட குன்றில் தங்கும் தேன் வௌவால்கள், இரவில் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலோரச் சதுப்புக் காடுவரை பறந்து தேன் குடித்துவிட்டுத் திரும்புகின்றன!

செடி வாங்கக் கிள்ளான் பள்ளத்தாக்கே படையெடுக்கும் இடம் சுங்கை பூலோ. வரிசை வரிசையாய் நர்சரிகள்! சீனப் புத்தாண்டுக்கு எலுமிச்சைத் தொட்டி, தீபாவளிக்குச் சாமந்தி, எல்லாம் அங்கே! அந்த நர்சரிகள் எப்படி வந்தன தெரியுமா? 1930-ல் அங்கே தொழுநோயாளிகளுக்காக ஒரு குடியிருப்பைத் திறந்தார்கள். அன்று உலகிலேயே இரண்டாவது பெரியது! நோய் வந்தவரை வீட்டிலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் விட்டது அன்றைய சட்டம். உள்ளேயே பள்ளி, கோயில், சிறை! தனிப் பணம்கூட அச்சிட்டார்கள்! பிற்பாடு மருந்து வந்தது, நோய் குணமானது. வெளியுலகம் மட்டும் அவர்களை ஏற்கத் தயங்கியது. அவர்கள் மண்ணைக் கொத்தினார்கள். செடி வளர்த்தார்கள். விற்றார்கள்! எந்தக் கைகளைத் தொட ஊர் அஞ்சியதோ, அந்தக் கைகள் வளர்த்த பூக்கள் கோலாலம்பூரின் வாசல்களை நிறைத்தன! இந்தச் சித்திரையில் ஒரு தொட்டியாவது அங்கே போய் வாங்குங்கள்!

நிஜமான நான்கு பருவமும் பார்க்க ஆசையா? ஷா ஆலாம் தாவரத் தோட்டத்தில் ‘நான்கு பருவ வீடு’ ஒன்றையே கட்டினார்கள்! குளிரூட்டி வைத்த கூரைக்குள் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று மாறி மாறி வரவழைத்தார்கள்!

1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கி மலாயாக் கொடி ஏறியதே, அந்த மெர்டேக்கா சதுக்கப் புல்வெளி முன்பு என்ன தெரியுமா? காய்கறியும் பழமும் விளைந்த மேடுபள்ளமான சேற்று நிலம்! 1884-ல் போலீஸ் பயிற்சிக்காக அரசு வாங்கியது!

கெப்போங்கில் இருக்கும் வனத்தைப் பார்த்து ஆதிகாலக் காடு என்று நினைத்தீர்களா? மனிதர் நட்டது! ஈயம் தோண்டிப் பாழாக்கிய நிலமும் காய்கறித் தோட்டமும் கிடந்த இடத்தில் 1920-களில் கன்று நட ஆரம்பித்தார்கள். இன்று 500 ஹெக்டேருக்கு மேல் மழைக்காடு! 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்! அங்கே காப்பூர் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாது! ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய வான இடைவெளி, ஆறு போல ஓடும்!

கோலாலம்பூர் கோபுரம் எழுப்பியபோது வழியில் நின்றது ஒரு ஜெலுத்தோங் மரம், வயது நூறுக்கு மேல். வெட்டவில்லை! தடுப்புச்சுவர் எழுப்பி, கட்டுமானத்தையே அதற்கேற்ப மாற்றினார்கள். அந்த ஒற்றை மரத்தைக் காப்பாற்ற ஆன செலவு 430,000 வெள்ளி!